பொறுக்குதல் என்னும் வினை

சென்ற மாதம் மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்த அறிக்கை ஒன்றில் ஒரேயொரு வினைச்சொல் என்னை மூன்று நாட்கள் மறித்து வைத்தது. மட்டக்களப்பின் படுவான்கரையிலே வேளாண்மை செய்யும் பெண்களைப் பற்றிய அறிக்கை அது. அந்தப் பெண்களோடு பேசிப் பேசி அறிந்த விவரங்கள் இவை என்று சொல்ல வந்த இடத்தில், எழுதியவர் 'கிளீன்' (glean) என்ற ஆங்கில வினையைப் போட்டிருந்தார். நான் முதலில் 'திரட்டப்பட்டன' என்று எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விட்டேன். மாலையில் திரும்ப வாசித்தபோது அந்தச் சொல் பல்லில் அகப்பட்ட கல்லைப் போல உறுத்தியது. திரட்டுவதென்றால் ஒரே மூச்சில் அள்ளிக் குவிப்பது போலிருக்கிறது. மூலத்தில் இருந்ததோ அப்படி அள்ளக்கூடிய சரக்கு இல்லை.

அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் துப்புரவாக்குதல் என்று பொருள்படும் 'கிளீன்' (clean) என்ற சொல்லுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. ஒலியிலே ககரம் ஒன்றில் மெலிந்தும் மற்றதில் வலிந்தும் வரும். நம் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி இதே வாக்கியத்தை 'உரையாடல்களிலிருந்து தகவல்கள் சுத்தம் செய்யப்பட்டன' என்று எழுதிக்கொண்டு வந்தாள். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் அத்தனை தூரம் தவறிப் போகவில்லை என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த வினையின் பிறப்பிடம் வயல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு இருந்த பொருள், அறுவடை முடிந்த நிலத்தில் அறுப்பவர்கள் தவறவிட்ட கதிர்களைப் பொறுக்குவது என்பதே. தகவலை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்த்தல் என்ற பொருள் அதன்மேல் ஏறிய பொருள். ஆங்கிலத்தை நன்கு அறிந்தவர்கள் அந்தச் சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் போடுவதில்லை. ஒருவர் தாமாக முன்வந்து முழுமையாகச் சொன்னதற்கு அது பொருந்தாது. கச்சேரி என்னும் அரச அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெற்ற பத்திரத்துக்கும் பொருந்தாது. கிடைத்தது சிறிதாகவும், கிடைத்த இடம் அதைக் கொடுப்பதற்கென்று அமையாததாகவும், எடுத்தவர் சற்றுப் பாடுபட்டவராகவும் இருக்க வேண்டும். இன்னாரின் கடிதங்களிலிருந்து, இன்ன கணக்குப் புத்தகத்திலிருந்து என்று 'இருந்து' ஒன்று அந்த வினையோடு ஏறத்தாழ எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும்.

இத்தனையும் தெரிந்த பிறகு தமிழுக்கு வந்தால், வயலில் பிறந்த அதே வினை நமது கையிலேயே இருக்கிறது. கதிர் பொறுக்குதல் மட்டக்களப்பாருக்கும் அம்பாறையாருக்கும் விளக்கம் தேவைப்படாத வேலை. பெரும்போக வெட்டு முடிந்து, வெட்டிப் போட்ட உப்பட்டிகளைக் கட்டி, களவெட்டி என்னும் கதிரடிக்கும் களத்துக்குச் சுமந்து சென்று சூடாக அடுக்கி வைத்த பின், வெறிச்சோடிய வயலுக்குள் பெண்களும் பிள்ளைகளும் இறங்குவார்கள். வெட்டு மெசின் வந்த பிறகு அறுப்பதும் அடிப்பதும் அதன் வயிற்றுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுவதால், இன்றைய பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி குறைந்துவிட்டது. எனக்கு அம்மம்மாவின் கைதான் நினைவிலிருக்கிறது. குனிந்தபடியே நகர்வார்; கதிரைக் கண்டதும் அதன் கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை விட்டு முறிப்பார்; முறித்ததை இடக்கைக்கு மாற்றுவார். இடக்கைப் பிடி நிறைந்ததும் ஒரு வைக்கோலால் சுற்றிக் கட்டி வரம்பில் வைத்துவிட்டு மீண்டும் குனிவார். அரிந்த தாளின் அடிக்கட்டை காலைக் குத்தும். முதல் அரைமணி நேரத்தில் எனக்குக் கிடைத்த கதிர்களை எண்ணிவிடலாம். அவருக்கோ ஐந்தாறு பிடி சேர்ந்திருக்கும். நான் கதிரைத் தேடினேன். அவர் தேடவில்லை, வெட்டியவர்கள் எந்த வரம்போரத்தில் கை மாற்றியிருப்பார்கள், உப்பட்டி கட்டியவர்கள் எந்த இடத்தில் அவசரப்பட்டிருப்பார்கள் என்று கணித்து அந்த இடத்துக்கு நேரே போனார்.

பிறகு ஏன் நான் 'பொறுக்கப்பட்டன' என்று எழுதத் தயங்கினேன்? எல்லோருக்கும் தெரிந்த காரணம்தான். அந்த வினையெச்சமே பெயராகி வசையாகவும் நிற்கிறது. தெருவில் நின்று வம்பிழுப்பவனுக்கு வைத்த பெயர், தகவல் சேர்ப்பவரின் வினைக்குள் எட்டிப் பார்க்கிறது. 'பேராசிரியர் தகவல்களைப் பொறுக்கினார்' என்று எழுதினால் பேராசிரியர் கோபிப்பார். இத்தனைக்கும் அதே எச்சம் 'பொறுக்கி எடுத்த சொற்கள்' என்று வரும்போது பாராட்டாகிவிடுகிறது. சிறந்தவற்றைத் தெரிந்தெடுப்பதை 'பொறுக்குமணிகள்' என்று மெச்சியவர்களும் நாம்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பொறுத்தல் என்ற வினையும் பொறுக்குதல் என்ற வினையும் இறந்தகாலத்தில் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன: பொறுத்தாள், பொறுக்கினாள். செய என்னும் வாய்பாட்டுக்கு வரும்போது இரண்டும் 'பொறுக்க' என்றே ஆகிவிடுகின்றன. அம்மம்மாவின் முதுகைப் பார்த்தவர்கள் இதைத் தற்செயல் என்று எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் இலக்கணப்படி அது தற்செயல்தான்.

இப்போது அந்த மாணவிக்கு வருகிறேன். வயலிலே நாம் கதிரைப் பொறுக்குகிறோம். அடுப்படியிலே அரிசியில் கல்லுப் பொறுக்குகிறோம். முதலாவதில் பொறுக்கியதை வைத்துக்கொள்கிறோம், இரண்டாவதில் பொறுக்கியதை எறிந்துவிடுகிறோம். இரண்டுக்கும் வினை ஒன்றுதான், விரல் அசைவும் ஒன்றுதான். அரிசியைச் சுளகில் பரப்பிக் கண்ணோட்டி, பின்பு அரிக்கன் சட்டியில் இட்டு அலைத்து, அடியில் தங்கும் மணலைக் கழித்த பிறகுதான் உலை வைப்போம். தகவல் பொறுக்குகிறவருக்கும் இந்த இரண்டு வேலையும் உண்டு. அவள் எழுதிய 'சுத்தம் செய்யப்பட்டன' மொழிபெயர்ப்பாகப் பிழை. வேலையின் விவரணமாகப் பாதி சரி. அடுத்த வகுப்பில் இதை அவளிடம் சொன்னேன். 'அப்ப அரைப் புள்ளி தாங்க மிஸ்' என்றாள்.

தமிழில் இந்த வேலைக்கு வேறு வினைகள் இல்லாமலில்லை. துருவுதல், கிண்டுதல், கிளறுதல், கறத்தல், துழாவுதல், வாயைப் பிடுங்குதல், போட்டு வாங்குதல் என்று வரிசை நீளும். ஒவ்வொன்றும் கேட்பவரின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும். துருவுகிறவர் விடமாட்டார், கறக்கிறவர் தடவிக் கொடுத்துக் காரியம் பார்ப்பார், போட்டு வாங்குகிறவர் தமக்குத் தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லி எதிராளியின் வாயைத் திறக்க வைப்பார். இவை எல்லாம் எதிரிலிருப்பவர்மேல் செய்யப்படும் வினைகள். கதிர் பொறுக்குகிறவர் யாரையும் எதுவும் செய்வதில்லை. வெட்டி முடித்தவர்கள் போன பின்னர் வருகிறார்; யாருக்கும் குறையாமல் எடுக்கிறார்.

'தகவல் திரட்டுதல்' என்ற தொடரில் எனக்கு இன்னுமொரு சங்கடம் உண்டு. இந்தப் பக்கத்தில் போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்குத் தகவல் என்ற சொல் அத்தனை வெள்ளையானதல்ல. 'தகவல் குடுத்தவன்' என்ற பேச்சு எழுந்தால் அந்தக் காலத்தில் ஓர் ஆளின் தலையெழுத்தே மாறிவிடும். கொப்பியும் பேனாவுமாக ஒரு வீட்டுக்குள் போய் 'தகவல் திரட்ட வந்திருக்கிறோம்' என்று தொடங்கினால், அறுபது வயதைக் கடந்தவர்கள் தண்ணீர் கொடுத்து உபசரிப்பார்கள். வாய் மட்டும் திறக்க மாட்டார்கள். 'என்ன புதினம்?' என்று கேட்டுக்கொண்டு போகிறவருக்குக் கதை கிடைக்கும்.

பொறுக்குதலுக்கு என்னிடம் உள்ள மிகச் சிறந்த எடுத்துக்காட்டு காரைதீவில் பிறந்தது. 1892ஆம் ஆண்டு அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து எழுதிய யாழ் நூல், 1947ஆம் ஆண்டு அரங்கேறியது. அதே ஆண்டு ஜூலையில் அவர் மறைந்தார். அவர் ஆராய்ந்த கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. பார்த்து அளக்க ஒரு யாழ் இல்லை, மீட்டிக் காட்ட ஒரு பாணர் இல்லை. இருந்தவை பாட்டு வரிகளும் உரைகாரர்களின் குறிப்புகளுமே. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையும் அவற்றுள் தலையாயவை.

அந்த வரிகள் எதற்காக எழுதப்பட்டன என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பொருநராற்றுப்படையின் புலவர் கரிகாலனுடைய கொடையைப் பாட வந்தவர். யாழ் செய்வது எப்படி என்று தச்சருக்குச் சொல்லிக்கொடுப்பது அவருடைய நோக்கமில்லை. பரிசில் பெறப் போகும் பொருநனின் கையில் யாழ் இருக்கிறது என்பதனால், 'குளப்புவழி அன்ன கவடுபடு பத்தல்' என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறார். மான் குளம்பு மண்ணில் பதிந்த தடம் போல நடுவில் உயர்ந்து இரு புறமும் தாழ்ந்த அடிப்பாகம் என்பது அதன் பொருள். புலவருக்கு அது ஓர் உவமை. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின்னால் வந்த ஒருவருக்கு அது அந்தக் கருவியின் வடிவத்தைச் சொல்லும் அளவுகோல். அறுத்தவர் தமக்கு வேண்டிய கதிரை எடுத்துக்கொண்டு களவெட்டிக்குப் போய்விட்டார்; சிந்தியதை விபுலாநந்தர் குனிந்து எடுத்தார். இந்த வரியில் பத்தல், அடுத்த வரியில் அதைப் போர்த்திய தோல், வேறொரு பாட்டில் நரம்பு என்று எடுத்துப் பிடி சேர்த்து, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றைக் கணக்கிட்டுக் காட்டும் அளவுக்குக் கொண்டுவந்தார். இதைத் 'தகவல் திரட்டினார்' என்று எழுதினால் அவருடைய முதுகுவலி வாசகருக்குத் தெரியாது.

என்னுடைய பொறுக்குதல் மிகச் சிறியது. எங்கள் குடும்பம் படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு எப்போது வந்தது என்று அறிய வேண்டியிருந்தது. வெளியூர் வாசகருக்காக ஒரு வரி: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கத்துக் கரை படுவான்கரை, கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. பெரியம்மாவிடம் நேரே கேட்டேன்.

'அதெல்லாம் ஆருக்குப் புள்ள ஞாபகம்' என்று வெற்றிலை வட்டாவை இழுத்துக்கொண்டார்.

கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, அவருடைய அடுப்படியில் உட்கார்ந்து இறால் உரிக்கத் தொடங்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கிடைத்தவை இவை. தையல் மெசினைத் தோணியில் ஏற்றி மண்முனைத் துறையைக் கடந்தபோது மூத்த அண்ணன் அவருடைய இடுப்பில் இருந்தான்; மெசின் நனையுமோ பிள்ளை நனையுமோ என்று பயந்தாராம். (2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையை நீர்வழியாகவே கடக்க வேண்டும்.) அண்ணன் பிறந்தது 1972ஆம் ஆண்டு. சூறாவளியன்று இந்த வீட்டின் தகரம் பறந்து பக்கத்து வளவுத் தென்னையில் சுற்றிக்கொண்டது. அந்தச் சூறாவளி 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்தது என்பதை இங்கே பிள்ளைகளும் சொல்லும். ஆகவே இடுப்பில் தூக்கும் பிள்ளைக்கும் பறந்த தகரத்துக்கும் நடுவில் எங்கேயோ அந்தத் தோணி இருக்கிறது. மட்டக்களப்பின் முதியவர்கள் ஆண்டுகளை இலக்கத்தில் சொல்வது அரிது. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா, சூறாவளிக்கு முந்தியா பிந்தியா, சுனாமிக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் காலம் தானாக விழும்.

பிறகு வீட்டு உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்த ஆண்டு 1976. சந்தோஷப்பட்டு அதை எழுதிவிட இருந்தேன். உறுதியின் நாற்புற எல்லையை வாசித்தபோதுதான் தடக்கியது: தெற்கெல்லை, 'விற்பவருக்குச் சொந்தமானதும் வாங்குபவர் தற்போது குடியிருப்பதுமான வளவு' என்று இருந்தது. வாங்க முன்னரே அவர்கள் பக்கத்து வளவில் இருந்திருக்கிறார்கள். எல்லை சொல்வதற்காக நொத்தாரிசு எழுதிய அரை வரி அது. பெரியப்பாவின் வரலாறு எழுதுவது அவருடைய வேலையல்ல. அடுத்த வீட்டு மாமியிடம் கேட்டதில், இரண்டு மாரி அந்தக் கொட்டிலில் இருந்துவிட்டுத்தான் காணி வாங்கினார்கள் என்றார். ஆகவே 1974 என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், மையால் எழுதவில்லை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனால் ஒற்றிப் பார் என்றும், மூவர் சொல் ஒத்தால் நம்பு என்றும் ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் அரசனுக்குச் சொன்னது, வீட்டு வரலாறு எழுதுகிறவருக்கும் உதவுகிறது. என்னிடம் பெரியம்மா, உறுதி, மாமி என்று மூவர் இருக்கிறார்கள். மாமியின் 'இரண்டு மாரி' மட்டும் இன்னும் தனியாக நிற்கிறது.

இதைச் சொல்லும்போது என்னை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். வேதாகமத்தில் ரூத் என்ற மருமகள் போவாசின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'பொறுக்கி' என்றே எழுதுகிறது, கூச்சப்படவில்லை. போவாஸ் தன் ஆட்களிடம், அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் அவளுக்காகச் சிந்த விடுங்கள் என்று சொல்லி வைக்கிறான். அவளுக்கு அது தெரியாது. அன்று நல்ல விளைச்சல் என்று நினைத்திருப்பாள். பெரியம்மாவும் அப்படிச் செய்யக்கூடியவர். அவர் தையல் மெசினைப் பற்றி எத்தனையோ முறை சொன்னார். அந்தத் தோணியில் பெரியப்பா ஏன் வரவில்லை என்பதைப் பற்றி ஒரு சொல்லும் விழவில்லை. சிந்தியது எது, சிந்த விட்டது எது என்று கதிரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

திரும்ப அந்த அறிக்கைக்கு வருகிறேன். மூன்றாம் நாள், வேறு ஏதோ தேடிப் பழைய உரைநூல் ஒன்றைப் புரட்டியபோது, நம் புலவர்கள் பழக்கமாக எழுதும் ஒரு தொடரில் கண் நின்றது: 'இதனால் அறியக்கிடக்கின்றது.' எத்தனையோ முறை வாசித்தும் எழுதியும் இருக்கிறேன்; அன்றுதான் அந்தக் 'கிடக்கின்றது' கண்ணில் பட்டது. அறிவதற்காகக் கிடக்கிறது. எங்கே கிடக்கிறது? வெட்டிய வயலில், தாளுக்கு நடுவில் கிடக்கிறது. ஆங்கிலத்துக்கு ஒரு வினையில் கிடைத்ததை நாம் இரண்டாக்கி, பொறுக்குதலை வயலிலும் கிடத்தலை உரைநூலிலும் வைத்திருக்கிறோம். அந்தப் புலமைத் தொடரில் ஒரு குறை: அதில் குனிகிற ஆள் இல்லை. கிடக்கின்றது என்றால் கிடக்கட்டும், எடுத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

அறிக்கை வாக்கியத்தை இப்படி மாற்றினேன்: 'இவ்விவரங்கள், பெண்கள் வேறு வேலையாகப் பேசிக்கொண்டிருந்த போது இடையிடையே சொன்னவற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்க்கப்பட்டவை.' மூலத்தைவிட இரண்டு மடங்கு நீளம். சரிபார்த்தவர் 'பொறுக்கி' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்க ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருக்கிறார். அம்மம்மாவின் இடக்கைப் பிடியை அவருக்கு எப்படி எழுதிக் காட்டுவதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா வீட்டில் இறால் இருக்கும்.